மானியம் போக நானூற்று முப்பது

“இதுல தீயே வராதா சார்?”

பாஞ்சாலை இதைக் கேட்பது மூன்றாவது முறை. ராமகிருஷ்ணன் சலித்துக்கொள்ளவில்லை. சூரிய அடுப்புத் திட்டம் திருவண்ணாமலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. பங்குனி முடிவதற்குள் பத்து அடுப்பாவது விற்றுக் காட்டு என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இதுவரை ஒன்றுகூடப் போகவில்லை.

அடுப்பு ஆபீஸ் முற்றத்தில் வெயிலில் கிடந்தது. சின்ன டிரங்குப் பெட்டி அளவு. உள்ளே கறுப்புப் பூச்சு, மேலே இரட்டைக் கண்ணாடி. நிமிர்ந்து நின்ற மூடியில் பதித்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடி வெயிலை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது.

“தீப்பெட்டியே வேணாம்மா. பத்து மணிக்கு அரிசியும் தண்ணியும் வச்சிட்டா, பன்னெண்டரைக்குச் சோறு. அடிப்பிடிக்காது.”

கூட வந்திருந்த அவள் அப்பா தசரதன் நிழலில் ஒதுங்கி நின்றார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடுகிறவர். சித்திரையில் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கே திருவண்ணாமலையில் அரிசிக் கடை வைத்திருக்கிறார். சீருக்கு இரும்பு பீரோ வாங்கத்தான் பணத்தோடு பஸ் ஏறினார். இறங்கியதும் மகள், பீரோ வேண்டாம், அந்த வெயில் பெட்டிதான் வேண்டும் என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

விலை என்ன என்று கேட்டார். மானியம் போக நானூற்று முப்பது என்றார் ராமகிருஷ்ணன்.

“இது கட்டுப்படி ஆவுமா சார்? நீங்களே கணக்குப் போட்டு உள்ளத உள்ளபடி சொல்லுங்க.”

ராமகிருஷ்ணன் பொய் சொல்லத் தெரியாதவர். காகிதத்தை எடுத்துக்கொண்டார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். பெரியவர்கள் மூன்று பேர், இவள் போனால் நாலு என்றார் தசரதன். மண்ணெண்ணெய் எவ்வளவு ஆகும் என்பதற்கு மட்டும் பாஞ்சாலை சட்டென்று பதில் சொன்னாள்: மாதம் பன்னிரண்டு லிட்டர், பாதி ரேஷனில், பாதி வெளியில்.

“ஆக முப்பத்திமூணு ரூபா. மத்தியானச் சோறும் பருப்பும்தான் இதுல. காலையிலயும் ராத்திரியும் ஸ்டவ்தான். மழை, மூடாக்கு எல்லாம் கழிச்சா, மாசம் எட்டு ரூபா மிஞ்சும்.” வகுத்துப் பார்த்தார். “போட்ட பணம் திரும்பி வர நாலரை வருஷம். நடுவுல கண்ணாடி உடைஞ்சா இன்னும் ஜாஸ்தி.”

“பாத்தியா?” என்றார் தசரதன் மகளிடம்.

பாஞ்சாலை விடவில்லை. ராத்திரிக்கும் சேர்த்து மத்தியானமே சமைத்து வைத்துவிடுவேன், காலையில் எல்லோரும் பழையது சாப்பிடட்டும், குழம்பையும் இதிலேயே வைத்துவிடுவேன் என்றாள். அப்போது ஸ்டவ்வே தேவைப்படாது அல்லவா என்று கேட்டாள்.

அது நடக்காது என்று ராமகிருஷ்ணன் பொறுமையாகச் சொன்னார். விடிந்ததும் காப்பிக்குப் பால் காய்ச்ச வேண்டும். அடைமழை நாளில் என்ன செய்வாய்? ஸ்டவ்வும் இருக்கத்தான் வேண்டும், இது ஒத்தாசைக்குத்தான்.

அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரெண்டு பொட்டியா வாங்கிட்டா?”

தசரதனுக்குக் கோபம் வந்தது. மாமியார் வீட்டில் போய் பழைய சோறு போடுகிறேன் என்றால் எந்த மாமியார் ஒத்துக்கொள்வாள், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று முணுமுணுத்தார். ராமகிருஷ்ணன் நடுவில் புகுந்து, பெட்டி வைக்க அந்த வீட்டில் வெயில் படும் இடம் இருக்கிறதா என்று கேட்டார்.

“மொட்டை மாடி இருக்குது சார். காலைல ஏழு மணிலேர்ந்து நல்ல வெயிலு. சாயங்காலம் மலை நிழல் விழற வரைக்கும் இருக்கும்.”

ராமகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டு வெயிலைக்கூட அளந்து வைத்திருக்கிற பெண்ணை அவர் பார்த்ததில்லை. தசரதன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

விற்றால் முதல் அடுப்பு. ஆனாலும் மனம் வரவில்லை. ராமகிருஷ்ணன் பேனாவை மூடினார்.

“உன் நல்லதுக்குச் சொல்றேன்மா. லாபத்துக்குனு பார்த்தா இது உனக்கு வேணாம். பீரோவே வாங்கிக்க. எல்லாப் பொண்ணுங்களும் ஸ்டவ்லதானே சமைக்கிறாங்க?”

பாஞ்சாலை குரலை உயர்த்தவில்லை. அப்பாவைப் பார்க்கவும் இல்லை.

“எங்கக்காவும் ஸ்டவ்லதான் சார் சமைச்சா. ஐப்பசில வெடிச்சிடுச்சுனு சொல்லி அனுப்பினாங்க, நாங்க போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. அவ கொழந்தைய வளக்க ஆள் வேணும்னு இப்ப என்னைக் கேட்டிருக்காங்க. அதே வீடு சார், அதே மாப்பிள்ள.”

தசரதன் நிழலை விட்டு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பொட்டி வேணாம் சார், பீரோவும் வேணாம்,” என்றார். “நாங்க போய் கொழந்தைய மட்டும் தூக்கினு வந்துடறோம்.”