பெருமாள் தலையில் விழுந்த கூரை

குடிபோன ஒரே மாதத்தில், லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டின் பூஜை அறைக் கூரை பெயர்ந்து பெருமாள் படத்தின் மேல் விழுந்தது.

“வாங்கறதுக்கு முன்னாடி வீட்டைச் சோதிச்சுப் பார்த்தது இன்ஜினியர் பிஸ்வாஸ் பாபுதான். ஒரு குறையும் சொல்லலை. அவரை விடக் கூடாது” என்று கொதித்தார் ரங்கராஜன்.

வங்காளி வக்கீல் தலையசைத்தார். “அந்த அறைக்குள்ளே அவர் போகவே இல்லைன்னு நிரூபிச்சாப் போதும், அலட்சியம்தான். சாட்சி உண்டா?”

“அன்னிக்கு என் மனைவிதான் கூட இருந்தா.”

ஜலஜா கணவரின் காதருகே குனிந்து, வக்கீலுக்குப் புரியாத தமிழில் சொன்னாள்.

“ஏன்னா, கேஸ் வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்த அன்னிக்கே, நல்ல நாள்னு பெருமாளை அங்கே வெச்சுட்டோமே. சோதிக்க வந்த பிஸ்வாஸ் பாபுவை, மத்தியானம் மீன் சாப்ட்டேளான்னு கேட்டேன். ஆமான்னார். நான்தான் பூஜை ரூம் வாசல்லயே நிறுத்திட்டேன்.”

“என்ன, சாட்சி சொல்வாங்கதானே?” என்றார் வக்கீல்.