பழத்துக்கு நின்ற பேருந்து

ஓட்டுநர் இல்லாத பேருந்துக்குப் பணிமனையில் பூசை போட்டார்கள். மாலை சாத்தி, பூசணிக்காய் உடைத்து, முன்சக்கரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பொறியாளர் கையிலிருந்த திரையைத் தொட்டார். வண்டி விளக்குகளைச் சிமிட்டியது, நகரவில்லை.

"என்ன சார், பழத்தப் பாத்துப் பயந்துடுச்சா?" என்றார் மெக்கானிக் காத்தவராயன். கூட்டம் சிரித்தது.

"பயமில்லண்ணே. கீழ என்ன கெடந்தாலும் இப்ப நின்னுடும். அந்த விபத்துக்கு அப்புறம் எல்லாத்தையும் சரிபண்ணிட்டோம்" என்ற பொறியாளர், சொல்லி முடித்த பிறகுதான், நிர்வாகம் அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்திருந்த அமுதவல்லியைக் கவனித்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த விபத்தில் செத்தவன் அவள் கணவன் மாசிலாமணி. ஆறு மாதத்துக்கு முன்பு, இதே வண்டியின் சோதனை ஓட்டத்தில், சாலையைக் கடந்துகொண்டிருந்தவன் கழன்ற செருப்பை எடுக்கக் குனிந்தான். குனிந்திருப்பது ஒரு மனிதன் என்று வண்டிக்குத் தெரியவில்லை.

"பழத்த யாராவது எடுங்கப்பா, நல்ல நேரம் போகுது" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

யாரும் அசைவதற்குள் அமுதவல்லி எழுந்து போனாள். வண்டிக்கு நேர் முன்னால் குனிந்து ஒரு பழத்தை எடுத்தாள். பிறகு அடுத்ததை. இரண்டும் தோல்கூடக் கசங்காமல் இருந்தன.

"எடுத்தாச்சுல்லம்மா, தள்ளி வாங்க" என்றார் பொறியாளர்.

அவள் நிமிரவில்லை. வண்டி அவளுக்காகப் பொறுமையாக நின்றது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும் போலிருந்தது.