சுருட்டுப் பெட்டியின் உள்பலகை

"உள்ளே பதிச்சிருக்கே, அது என்ன மரம்? அதை மட்டும் சொன்னாப் போறும்" என்றாள் ஜானவி.

வலியசாலையில் அவள் வீட்டுக் கூடத்து மேஜைமேல் அந்தச் சுருட்டுப் பெட்டி இருந்தது. எப்போதோ ஒரு எஸ்டேட் மானேஜர் அவள் அப்பாவுக்குக் கொடுத்தது; உள்பலகை மட்டும் அப்பா பிற்பாடு ஆள் வைத்துப் போட்டது. அப்பா, வனத்துறை ரேஞ்சர் நாகேஸ்வரன், காலமாகி ஒரு வருஷமாகிறது. ஆன்லைனில் படம் பார்த்து பெங்களூர்க்காரர் ஒருவர் கேட்டிருந்தார். உள்பலகை என்ன மரம் என்று தெரியாமல் வாங்க மாட்டாராம்.

ஆசாரி லிங்கராஜ் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

"புகையிலை வாசனைதான் வருது, மாமி. இதுக்குள்ள தேவதாரு வைப்பாங்க. அது ஈரத்தைப் பிடிச்சு வச்சு சுருட்டைக் காய விடாது. பலகையோட பின்பக்கம் பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"எடுத்துப் பாருங்கோ. கீறல் விழப்படாது, கேட்டேளா."

உளியை எடுக்கப் போனவன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டான். சட்டம் போட்ட பழைய செய்தித்தாள் படம் ஒன்று மாட்டியிருந்தது. ஏழு சந்தனக் கட்டைகள் வரிசையாகக் கிடந்தன. பக்கத்தில் தொப்பியோடு நாகேஸ்வரன். பின்னால் தரையில் குந்தியிருந்த ஆள் துண்டால் முகத்தை மூடியிருந்தான்.

"அப்பா பிடிச்ச கேஸாக்கும்" என்றாள் ஜானவி. "காட்டிலேர்ந்து ஒரு விறகுக் குச்சி ஆத்துக்கு வந்ததில்லை. அப்பாவை முசுடும்பா, பிடிவாதக்காரர்ம்பா. இன்னிவரைக்கும் ஒருத்தர் கள்ளன்னு சொன்னதில்லை."

லிங்கராஜ் உளியை எடுத்தான். மூடியின் உள்பலகையை மெல்ல நெம்பி எடுத்தான். திருப்பிப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன மரம்?"

"தேவதாரு." சட்டென்று பலகையைக் கவிழ்த்தான். "கொஞ்சம் வெந்நீர் வேணும், மாமி. பழைய பசையைத் தொடைக்கணும்."

அவள் வெந்நீரோடு திரும்பியபோது, உளியால் செதுக்கிய ஒரு சில்லை அவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். தீப்பெட்டி அகலம் இருக்கும்.

கூடம் முழுக்க மணத்தது.

ஜானவி கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள்.

"இதுவா தேவதாரு? எனக்கென்ன மூக்கு இல்லையா? பையில என்ன வச்சிண்டே, எடு."

அதுவரை இருந்த 'ங்கோ' போய்விட்டது.

"பசை பிடிச்ச துண்டு, மாமி. ஒண்ணுத்துக்கும் ஆகாது."

"ஆகாததை ஏன் பையில போடறே? சந்தனத்தைத் தேவதாருன்னு சொல்லி என்னை ஏமாத்தப் பாக்கறியா?"

"சந்தனம்னு யாருக்கும் எழுதாதீங்க. சொல்லவும் செய்யாதீங்க. இந்தப் பலகை மொத்தத்தையும் எடுத்துட்டு, நானே புதுசு போட்டுத் தாரேன். காசு வேண்டாம்."

"நன்னாயிருக்கு! சில்லு போறாதுன்னு பலகையே வேணுமா? இந்த ஆத்துலே வந்து, இந்தப் படத்துக்குக் கீழே நின்னுண்டு திருடறியே. அப்பா இருந்திருந்தா உன்னையும் இப்படிக் குந்த வச்சிருப்பார்."

லிங்கராஜ் படத்தை ஒரு தடவை பார்த்தான். பலகையைப் பழையபடி பொருத்தினான். உளிகளைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினான். அவள் செல்போனில் படம் எடுப்பது தெரிந்தும் முகத்தைத் திருப்பவில்லை.

மணக்காட்டில் வாடகை வீட்டை அவன் எட்டும் முன்பே சேதி எட்டிவிட்டது. மனைவி இசக்கிசெல்வி வாசலிலேயே நின்றாள்.

"டாக்டர் வீட்டுலேர்ந்து விளிச்சாங்க, நாளைக்கு வரண்டாமாம். கிழக்கேகோட்டைக் கடை வேலையும் இல்லைன்னுட்டாங்க. எல்லா குரூப்லயும் உங்க போட்டோ ஓடுது. 'இந்தக் கள்ளனை வீட்டுல ஏத்தாதீங்க'ன்னு." அவள் குரல் இறங்கியது. "எடுத்தீயளா?"

"எடுத்தேன்."

அவன் சில்லை அவள் கையில் வைத்தான்.

"சந்தனம்லா இது! உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி?"

"திருப்பிப் பாரு."

மறுபக்கத்தில், பிடிபட்ட மரத்தில் வனத்துறை இரும்பு அச்சால் அடிக்கும் எண்கள் அழுந்தியிருந்தன. 14/91. அதற்குக் கீழே, 7.

இசக்கிசெல்வி அதை வெளிச்சத்தில் பிடித்தாள். தகரப் பெட்டியில் கிடக்கும் கோர்ட்டுக் காகிதத்தில் அந்த எண்ணை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"இது மாமாவோட கேஸ் நம்பர்."

"ம்."

"அப்படின்னா அந்தப் பெட்டி?"

"பிடிச்சது ஏழு கட்டை. கோர்ட்டுக்கு வந்தது ஆறு. கூலிக்குச் சுமந்த ஆறுக்கு அப்பாவுக்கு ஜெயிலு. ஏழாவதை ஆள் வச்சுக் கடத்தி எங்க வித்தேன்னு கேட்டுத்தான் கைய ஒடைச்சாங்க. அதுக்கப்புறம் அவர் உளி பிடிக்கலை."

இசக்கிசெல்வி சில்லை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ ஏழாவதைத் திருடினது யாருன்னு இதுலயே எழுதியிருக்கு! இதை அந்த மாமி மூஞ்சிக்கு நேரே நீட்டாம, செதுக்கி மறைச்சுட்டு, கள்ளன்னு பேரு வாங்கிட்டா வந்தீங்க?"

லிங்கராஜ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதிலும் சந்தனம் மணத்தது.

"கள்ளன் மகன்னு கேட்டு எனக்கு முப்பது வருஷப் பழக்கம், செல்வி. அந்த மாமிக்குப் பழக்கம் இல்ல."