கைப்பட்டை

"கிட்ட வராதக்கா. எதையும் தொடாத, அங்கியே நில்லு."

சுரையா இப்படிச் சொன்னதும், கடைக்குள் உட்கார்ந்திருந்த தாமோதரனுக்குச் சுருக்கென்றது. உத்திரமேரூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் இந்தப் பெண்ணை அவர் நல்ல மாதிரி என்றல்லவா நினைத்திருந்தார்.

வாசலில் சிட்டம்மாள் அப்படியே நின்றுவிட்டாள். ஏரிக்கரை இருளர் குடியிருப்புக்காரி. மகள் இந்துவின் லேப்டாப் படுத்துவிட்டது. சான்றிதழெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. நர்சிங் படிப்புக்கு விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். புது ரேம் வேண்டும் என்று சுரையா சொல்ல, வாலாஜாபாத் போய் வாங்கி வந்திருந்தாள். தொலைந்துவிடுமோ என்ற பயத்தில் கவரைப் பிரித்து எறிந்துவிட்டு, நைலக்ஸ் புடவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தாள்.

தாமோதரன் எழுந்தார். மேடை கிடைத்தால் சமத்துவம் பேசாமல் இறங்காத மனிதர். சும்மா இருப்பாரா?

"ஏம்மா சுரையா, அவங்க கை பட்டா உன் கட தீட்டாயிடுமா? இந்தக் காலத்துலயுமா இத்தெல்லாம் பாத்துக்கினு கீற?"

சுரையாவுக்குக் கோபமே வரவில்லை.

"தீட்டு இல்லண்ணே, கரண்ட்டு. இந்தப் புடவ உரசி உரசி ஒடம்புல ஸ்டாட்டிக் கரண்ட்டு ஏறிக்கினு இருக்கும். நமக்குத் தெரியாது. ஒரு பொட்டு பாஞ்சா போதும், ரேம் செத்துரும். இந்து அப்ளிகேஷன் அவ்ளோதான்."

தன் மணிக்கட்டில் இருந்த பட்டையைக் காட்டினாள். அதிலிருந்து ஓர் ஒயர் எர்த்துக்குப் போனது. இன்னொரு பட்டையை எடுத்து, சிட்டம்மாளின் கையைப் பிடித்து, கண்ணாடி வளையலை மேலே ஒதுக்கி, தானே கட்டிவிட்டாள். அந்த ஒயரையும் அதே எர்த்தில் மாட்டினாள்.

"இப்ப முந்தானைய அவுத்து ரேம நீயே எடுத்துக் குடுக்கா."

ரேம் உட்கார்ந்தது. இரண்டு நிமிடம் மூவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். திரை வெளிச்சமானது. சிட்டம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று தாமோதரனுக்குத் தோன்றியது. தான் கேட்டதால்தானே விஷயம் வெளியே வந்தது! அவங்க வேற நம்ம வேற இல்ல, இத எங்க வேணா சொல்லுவேன் என்று சிட்டம்மாளைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னார். அவள் சிரித்தாள்.

அடுத்து அவர் முறை. பம்புசெட் ஸ்டார்ட்டர் போர்டைப் பாலித்தீன் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார்.

"உங்களுக்கும் அதே கததான்ணே. பட்டையக் கட்டிக்கினு எடுங்க" என்றாள் சுரையா.

சிட்டம்மாள் தன் கையிலிருந்த பட்டையைக் கழற்றி, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

தாமோதரன் வேட்டி மடிப்பைச் சரிசெய்தார். சுரையாவின் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"வேற பட்ட... புதுசா ஒண்ணு இல்லியாம்மா?"