நாலாவது அங்கத்தின் ஆட்கள்

இந்தக் காலத்தில் கதவைத் தட்டினால் யாரும் திறப்பதில்லை.

உள்ளே ஆள் இருக்கிறது. டீவி ஓடுகிறது. குழந்தை சிணுங்குகிறது. திறக்கத்தான் மனசில்லை. அப்படியே திறந்தாலும் நம்மைத் தாண்டித் தெருவைப் பார்த்துவிட்டுச் சாத்திக்கொள்கிறார்கள். படித்தவர்கள் பழகும் லட்சணம் இது.

நான் மூணாம் வகுப்பு. நாற்பது வருஷம் தச்சு வேலை. கதவு என்றால் எனக்குத் தெரியும். இரண்டு தட்டு வேகமாக, ஒரு தட்டு நிதானமாக. உள்ளே மரம் நல்லதா, செல்லரித்ததா என்பதை அந்த மூன்றாவது தட்டு சொல்லிவிடும்.

மகள் ஜெபினாவும் மருமகன் ஜெரிஷும் நியூஜெர்சியில் அந்த வீட்டை வாங்கப்போவதாகச் சொன்னபோது, அப்படித்தான் தட்டிப் பார்க்கக் கூடப் போனேன். தொண்ணூற்று நாலு ஜனவரி. பாளையங்கோட்டையிலிருந்து நான் வந்து பதினெட்டு நாள். ஜெபினாவுக்கு ஏழாவது மாதம்.

வீடு ஒரு நாடகக்காரனுடையது. ஹாஸ்கின் என்று பெயராம். விற்பவள் அவன் மகள், எண்பத்தைந்து வயதுக் கிழவி. உட்காரவைத்து அப்பன் கதையைச் சொன்னாள். ஜெபினா தமிழில் சொன்னாள்.

பொத்தான் கடையில் நின்றவன். இருபத்தாறு வயதில் எழுதிய முதல் நாடகம் நியூயார்க்கில் இருநூறு நாள் ஓடியது. பிறகு ஒன்பது நாடகம். பிறகு ஜனங்கள் சினிமாவுக்குப் போய்விட்டார்கள். 1919இல் கடைசியாக ஒன்று எழுதினான். யாரோ வீடு பார்க்க வருகிறார்கள், இதில் கதை எங்கே என்று கேட்டு எந்தக் கம்பெனியும் போடவில்லை. அந்த வருஷமே செத்துப்போனான்.

பொய்யை மேடை போட்டு விற்றவன். அவன் வீட்டுக் கதவு மட்டும் எப்படி ஒழுங்காக இருக்கும்?

தண்ணீர் கேட்டேன். கிளாஸில் கொடுத்தாள். கண்டவர் குடித்த கிளாஸ், அண்ணாந்து ஊற்றிக்கொண்டேன். கிழவி என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுந்துபோய்க் கதவுகளைத் தட்டினேன். முதல் இரண்டும் நல்ல மரம்.

மூன்றாவது, மாடிப்படிக்குக் கீழே இருந்த சின்னக் கதவு. தட்டினேன்.

அந்தப் பக்கமிருந்து திருப்பித் தட்டியது. இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக.

"மாமா, வீட்டச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வந்து பாத்து ரிப்போர்ட்டே குடுத்துட்டாரு. நீங்க கதவ ஒடச்சிராதீங்க" என்று பக்கத்தில் நின்ற ஜெரிஷ் சிரித்தான். அவனுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை.

திறந்து பார்த்தேன். ஒரு துடைப்பம், ஒரு வாளி. யாரிடமும் சொல்லவில்லை.

திரும்பி வந்தபோது கிழவி ஒரு காகிதக் கட்டை ஜெபினாவின் கையில் வைத்திருந்தாள். அந்தக் கடைசி நாடகமாம்.

"என்ன போட்டிருக்கு? வாசி" என்றேன்.

"மூணாவது அங்கம். ஒரு கிழவர், மகள், மருமகன், வீட்டுக்காரி. கிழவர் தண்ணி கேக்கிறாரு. கிளாஸ ஒசரத் தூக்கி, உதட்டுல படாம..." ஜெபினா நிறுத்தினாள். "அப்பா!"

"நான் குடிச்சதப் பாத்துட்டு இப்ப எழுதிருக்கா."

அவள் விரல் அடுத்த வரிக்குப் போய் நின்றது.

"'இப்ப எழுதிருக்கா'ன்னுதாம்ப்பா அடுத்து அந்தக் கிழவர் சொல்றாரு."

காகிதம் மஞ்சளாக இருந்தது. குத்தியிருந்த ஊசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருந்தது. அதனால் என்ன? புது மரத்துக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி, அரண்மனைச் சாமான் என்று நானே விற்றிருக்கிறேன்.

ஜெபினா தாளைப் புரட்டினாள். எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாது, எண்ணத் தெரியும். மூணாம் அங்கத்துத் தலைப்பில் நாலு வரி இருந்தது. இதிலும் நாலு. ஆனால் கடைசி வரி மட்டும் தனியாக, அடைப்புக்குள்.

"நாலாவது அங்கம். மகள். மருமகன். குழந்தை."

"வீட்டுக்காரி வித்துட்டுப் போயிருப்பா. கிழவன் எங்க?"

ஜெபினா தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடைப்புக்குள்ள இருக்கது?"

"அது ஆள் இல்லப்பா. சத்தம். கதவு தட்டுற சத்தம்."

பிறகு அவள் பழைய பக்கத்துக்கே போய், மூணாம் அங்கத்தின் கடைசி வரிகளை எனக்குச் சொல்லாமல் வாசித்தாள். கட்டைக் கீழே போட்டுவிட்டு என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வெளிய போகாதீங்க. படியெல்லாம் ஐஸு. அது கரைய ஜெரிஷ் உப்பு போடட்டும். அதுவரைக்கும் உக்காருங்க, ப்ளீஸ்."

கிழவி என்னைப் பார்க்காமல் ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.

"பொத்தான் வித்தவன் எழுதிவச்சதுக்கு நான் உக்காரணுமாக்கும்? நல்ல கூத்து."

பிடியை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஐந்து படி. பார்க்கட்டும் என்றே கம்பியைப் பிடிக்காமல் இறங்கினேன்.

பின்னால் ஜெபினா கத்தினாள்.

எதற்குக் கத்தினாள் என்று கேட்கத்தான் அன்றிலிருந்து தட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்றும் போனேன். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. ஜெபினாதான் திறந்தாள். இடுப்பில் குழந்தை, என் மூக்கு. என்னைத் தாண்டிப் படிகளைப் பார்த்தாள். படியெங்கும் உப்பு. வெயில் வந்த பிறகும் தினமும் கொட்டுகிறாளாம்.

"சாத்து ஜெபி, யாருமில்ல" என்றான் ஜெரிஷ் உள்ளேயிருந்து.

அவள் உடனே சாத்தவில்லை. கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் சாத்தினாள்.

மூன்று பேர், ஒரு சத்தம். அவன் எழுதியதுதான் நடந்தது என்று அவர்கள் வேண்டுமானால் நம்பட்டும். நான் நம்பவில்லை. தேயிலைச் சாயம்தான் அது.

இறங்கி நடந்துவிட்டேன். காலடியில் உப்பு நொறுங்கவில்லை.

மட்டமான உப்பு.