தேயாத கைப்பிடி

“இந்தக் கதவு பொய் சொல்லுது” என்றார் மெர்வின்.

மில்டுரா ஊரின் சாரணர் மண்டபத்தில் சாசேஜ் மென்றுகொண்டிருந்த வாய்கள் எல்லாம் நின்றன.

மாதிரிக் கார் சங்கத்தின் ஆண்டுப் போட்டி. துருப்பிடித்த வண்டிகள் பிரிவு. மேசைமேல் பதினெட்டுக் கார்கள். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். ஒவ்வொன்றும் காயலான் கடையிலிருந்து தப்பி வந்தது போல இருந்தது. புத்தம் புது பிளாஸ்டிக்கை மாதக்கணக்கில் உட்கார்ந்து பாழாக்குவதுதான் இவர்களுடைய பொழுதுபோக்கு.

மெர்வின் தலைமை நடுவர். பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு குட்டிக் கண்ணாடி, ஒரு டார்ச். இரண்டையும் வைத்துக்கொண்டு காரின் அடிவயிறு வரை பார்த்துவிடுவார்.

பதினான்காம் எண், ஒரு வெள்ளை யூட். பின்பக்கம் சாமான் ஏற்றும் தொட்டி. சக்கரங்களுக்கு மேலே சல்லடைத் துணியில் சலித்த ஊர்ச் செம்மண். துரு, தொட்டால் உதிரும்போல இருந்தது.

“டேய் பிரெண்டன், இங்க வா. இந்த இடதுபக்கக் கதவைப் பாரு. பெயின்ட் போயி, கைப்பிடி தேஞ்சு, சீட் ஓரம்கூட கிழிஞ்சிருக்கு. இப்ப டிரைவர் பக்கம் பாரு.”

செயலாளர் பிரெண்டன் குனிந்தான். “அட, கைப்பிடி பளபளன்னு இருக்கு.”

“முப்பது வருஷத்து வண்டி! டிரைவர் எப்படி உள்ள போனான்? சைலன்சர் வழியாவா?”

மண்டபம் சிரித்தது.

“நல்லா பண்ணிக்கிட்டே வந்து, தூக்கம் வந்ததும் பாதியில விட்டிருக்காங்க. இந்த ஊர்ல நாப்பது வருஷம் டிங்கரிங் பட்டறை வச்சிருந்தவன் நான். கதவு எப்படித் தேயும்னு எனக்கா தெரியாது? ஏழு மார்க் போச்சு.”

ஏழு மார்க் போனால் கோப்பையும் போயிற்று.

பிரெண்டன் அவர் காதருகே வந்தான். “மெர்வ், நிச்சயமாத்தானே சொல்றீங்க? டீ முடிஞ்சதும் உங்க பதவிக்கு ஓட்டெடுப்பு இருக்கு.”

அதைத்தான் மெர்வினும் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். போன வருஷம் ஸ்டியரிங்கே இல்லாத காருக்கு முதல் பரிசு கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து சங்கத்தில் பாதிப் பேர், ‘கிழவருக்குக் கண் போச்சு, ஆளை மாத்தணும்’ என்கிறார்கள். இன்னொரு தப்பு நடந்தால் பதவி இல்லை. அந்தக் கண்ணாடியும் டார்ச்சும் கையைவிட்டுப் போனால் மிச்ச நாளை எப்படி ஓட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

“என் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றார் சத்தமாக. “பதினாலு யாரோடது? ஆதாரம் ஏதாவது உண்டா?”

சங்கத்தில் ஒரு விதி. அசல் வண்டியின் படத்தைக் காட்டினால், நடுவர் வெட்டிய மார்க்கைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

பின்வரிசையில் கிளெனிஸ் எழுந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். ஆறு வருஷமாகப் போட்டிக்கு வருகிறார். ஆறு வருஷமும் இரண்டாமிடம். கையில் போன் இருந்தது.

அதில் படம் இருந்தால் மெர்வின் கதை முடிந்தது.

கிளெனிஸ் போனைப் பார்த்தார். மெர்வினைப் பார்த்தார். போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

“ஆதாரம் ஒண்ணும் இல்ல, மெர்வ். அந்தப் பக்கத்தை நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்.”

“பாத்தீங்களா!” மெர்வினுக்கு உயிர் திரும்பி வந்தது. “அடுத்த வருஷம் ஒரு காப்பியைக் குடிச்சிட்டு வேலைக்கு உக்காருங்கம்மா.”

மறுபடி சிரிப்பு. கிளெனிஸும் சேர்ந்து சிரித்தார்.

கோப்பை யாரோ செய்த ஓட்டை டாக்ஸிக்குப் போயிற்று. டீக்குப் பிறகு நடந்த ஓட்டெடுப்பில் மெர்வினுக்குப் பதினொன்று, எதிராகப் பத்து. ஒரே ஒரு ஓட்டில் பதவி தப்பியது.

சாயங்காலம் மேசைகளை மடித்து வைத்துவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் வந்த மெர்வின் அப்படியே நின்றுவிட்டார்.

பதினான்காம் எண் அங்கே நின்றுகொண்டிருந்தது. முழு அளவில். அதே வெள்ளை, அதே துரு.

கிளெனிஸ் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி, இருக்கையில் நகர்ந்து நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

மெர்வின் டிரைவர் பக்கக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு அசையவில்லை. கைப்பிடி பளபளவென்று இருந்தது.

“இது திறக்காதா?”

“ஒரு ஆக்சிடென்ட்ல நசுங்கிப் போயி, சரி பண்ணக் குடுத்தேன். சரி பண்ணி வந்ததிலேர்ந்து திறக்கல. பத்து வருஷமாச்சு.”

“குடுத்த எடத்துக்கே திருப்பி எடுத்துட்டுப் போக வேண்டியதுதானே?”

“போனேனே. பட்டறையை மூடிட்டு ஆளு மீன் பிடிக்கப் போயிட்டாருன்னாங்க.”

மெர்வின் டார்ச்சை அடித்துக் கதவின் ஓரத்தைப் பார்த்தார். “அடக் கொடுமையே! கதவையும் தூணையும் சேத்து வச்சு வெல்டு பண்ணிருக்கான். எந்த மடையன் பாத்த வேலை இது?”

கிளெனிஸ் சாவியைத் திருகினார்.

“வண்டியே பின்னால நிக்குது. எல்லாரையும் கூட்டிட்டு வந்து காட்டியிருந்தா இன்னிக்குக் கோப்பை உங்க கையில. ஏம்மா காட்டல?”

“காட்டியிருந்தா, ‘எந்த மடையன் பாத்த வேலை’ன்னுதானே அவங்களும் கேட்டிருப்பாங்க?” என்றார் கிளெனிஸ், கியரைப் போட்டபடி. “ஓட்டெடுப்பு நேரத்துல உங்க பேரை எப்படி மெர்வ் சொல்றது?”