ஏழு மணிக்கு மேல்

"யோவ், நீ நெட் கொடுக்கறியா, நத்தை வளர்க்கறியா? ஏழு மணி அடிச்சா போதும், படுத்துக்குது! உனக்கெல்லாம் எவன்யா வேலை கொடுத்தான்?"

மருந்துக்கடைக்காரரின் குரல் ஸ்பீக்கரில் அதிர்ந்தது. 'டவர்' பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். டவரில் ஏறி ஆன்டெனா மாட்டுவதும், எந்த வீட்டுக்கு எவ்வளவு இணைய வேகம் என்று கணினியில் பிரித்து விடுவதும் அவன் வேலை. அதனால் அவன் எல்லோருக்கும் டவர்தான்.

"பார்க்கறேன் சார்" என்று போனை வைத்தான். எதையும் பார்க்கவில்லை.

வேலை கொடுத்தவள் எதிர் மேசையில்தான் இருந்தாள்.

"என்ன இது? தினம் இந்த நேரத்துக்கு அவர்கிட்ட அர்ச்சனை வாங்கற!"

"பழகிடுச்சுக்கா."

அவள் எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டின் வேகக் கோடும் மேலே இருந்தது. மருந்துக்கடைக்காரருடையது மட்டும் தரையோடு ஊர்ந்தது.

"கோளாறுன்னா தெருவுக்கே இருக்கணும். இது நீ போட்ட லிமிட்! ஏழுக்கு விழுது, விடிஞ்சாதான் எழுந்திரிக்குது."

"ஆமாக்கா."

"ஆமாவா? அவர் வேகத்தைப் பிடுங்கி யாருக்கு ஊத்தற? அதே தெருவுலதானே உன் மச்சான் வீடு?"

"மச்சான் வேற, 'சொந்தக்காரன்னு பேர்தான், ஒரு சொட்டு கூடக் கிடைக்கலை'ன்னு திட்டிட்டுத்தான் இருக்கான்."

"அப்ப அவரோட ஏதாவது பகையா?"

"இல்லக்கா. காரணம் இருக்கு. வெளியே சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"உன் வாக்கைக் காப்பாத்த என் தொழிலா கிடைச்சது? மலை மறைக்கிற தெரு அது. மொபைல் நெட் சரியா எட்டாததாலதான் நம்மகிட்ட வந்தாங்க. அவர் கோவிச்சுக்கிட்டா, கடைக்கு வர்ற ஒவ்வொருத்தருக்கும் மாத்திரையோட சேர்த்து நம்ம மானத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துடுவாரு. லிமிட்டை எடு."

"முடியாதுக்கா."

"அப்ப நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம்."

டவர் எழுந்தான். பையை எடுத்து மாட்டிக்கொண்டான். அவன் படியிறங்குவதற்குள் அவளே மவுஸைப் பிடித்து லிமிட்டை நீக்கினாள். கோடு விருட்டென்று மேலேறியது.

மறுநாள் காலை அவள் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே மருந்துக்கடைக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

அவள் முந்திக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க சார். நேத்து நானே சரி பண்ணிட்டேன். அந்த ஆளையும் நிறுத்திட்டேன்."

"நிறுத்திட்டீங்களா?" அவர் தலையில் கை வைத்தார். "ஐயையோ, என்னம்மா பண்ணிட்டீங்க! வேகத்தைக் குறைக்கச் சொன்னதே நான்தான்!"

"நீங்களா? தினமும் திட்டினீங்களே!"

"கடையை மூடிட்டு வந்தா விடியவிடிய சுடுற கேம்தாம்மா. விடமுடியல. 'பொண்ணு பாடம் படிக்கற அளவுக்கு விடுங்க, ஆட்டம் மட்டும் ஓடக்கூடாது. நான் தலைகீழா நின்னு கத்தினாலும் கூட்டாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க'ன்னு அவர் கையைப் பிடிச்சுக் கெஞ்சினேன். பாவம், அத்தனை திட்டும் வாங்கிட்டு வாயே திறக்கல."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயோ, நேத்து நான் திறந்துவிட்டுட்டேனே சார்... ஆடினீங்களா?"

"கேமைத் திறந்தேன். சும்மா பறந்துச்சு. பொண்ணு எட்டிப் பார்த்து, 'அப்ப இன்னிக்கு செஸ் இல்லையாப்பா?'ன்னு கேட்டா. நெட் படுத்த நாள்லேர்ந்து ரெண்டு பேரும் செஸ்தான். கேமை மூடிட்டு அவகிட்ட போய்த் தோத்தேன்." அவர் சிரித்தார். "இனிமே குறைக்க வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லத்தாம்மா வந்தேன்."

அவள் போனை எடுத்தாள். பத்து மணிக்கு டவர் வேலைக்கு வந்தான்.